கண் எனும் அருட்கொடையும் ஒரு கோடைகாலப் பயிற்சியும்

மேசைமீது ஒரு கோப்பை இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையிடம், "கோப்பை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று விரலை நீட்டும். கோப்பை கவிழ்ந்து கிடந்தாலும், அதன் அரைவாசியைத் துணி மூடியிருந்தாலும், விளக்கு மங்கலாக எரிந்தாலும் குழந்தை தடுமாறாது. இதற்காக யாரும் அதற்குப் பாடம் நடத்தவில்லை. இது ஒரு திறமை என்றுகூட நாம் எண்ணுவதில்லை.

ஆனால், இந்தச் சின்னஞ்சிறு காரியத்தை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்ட அறிஞர்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த நெடும் பயணத்தின் ஆரம்ப கட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி கணனி உலகில் இன்றும் பேசப்படுகிறது. அது பெரும் விஞ்ஞானிகளின் மாநாடு அல்ல. விடுமுறைக் காலத்தில் ஆய்வுகூடமொன்றில் பணியாற்ற வந்த மாணவர்களின் கதை.

படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களது முன்னேற்றத்தை ஆவலோடு எதிர்பார்த்திருக்கும் பெற்றோருக்கும் இக்கதையில் ஒரு நல்ல படிப்பினை உண்டு.

இரண்டு மாதத் திட்டம்

அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தை எம்.ஐ.டி. என்று சுருக்கமாக அழைப்பர். அங்கு செயற்கை நுண்ணறிவுத் துறையில் ஆய்வு நடத்திய குழுவினருக்கு மார்வின் மின்ஸ்கி, சீமோர் பேப்பர்ட் ஆகிய இருவரும் வழிகாட்டிகளாக இருந்தனர். பேப்பர்ட் தென்னாபிரிக்காவில் பிறந்தவர். கணிதமேதை. குழந்தைகள் எவ்வாறு கற்கிறார்கள் என்பதை ஜெனீவா நகரில் உளவியலறிஞர் பியாஜேயுடன் சேர்ந்து ஆராய்ந்தவர்.

1966 ஜூலை 7ஆம் திகதி பேப்பர்ட் சில பக்கங்கள் கொண்ட ஒரு குறிப்பை எழுதினார். 'கோடைகாலப் பார்வைத் திட்டம்' என்பது அதன் தலைப்பு. கோடை விடுமுறையில் ஆய்வுகூடத்துக்குப் பணியாற்ற வந்திருப்போரைப் பயனுள்ள முறையில் ஈடுபடுத்த வேண்டும். அவர்களைக் கொண்டு கணனிக்கு ஒரு பார்வை அமைப்பின் முக்கிய பகுதியைக் கட்டியெழுப்ப வேண்டும். இதுவே நோக்கம். வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஒவ்வொருவரும் தனித்தனியே உழைத்து இறுதியில் எல்லாவற்றையும் ஒன்றிணைக்கலாம் என்று அவர் கருதினார்.

ஜூலை மாதத்துக்கென ஓர் இலக்கு, ஆகஸ்ட் மாதத்துக்கென ஓர் இலக்கு. ஜூலையில் பந்து, செங்கல் போன்ற கட்டை, உருளை ஆகிய எளிய பொருட்கள் மட்டும். அவை ஒன்றையொன்று மறைக்கக் கூடாது. பின்னணியும் ஒரே சீராக இருக்க வேண்டும். பொருள் எது, பின்னணி எது என்று கணனி பிரித்தறிந்தால் போதும். ஆகஸ்டில் சற்றுக் கடினமானவை: எழுத்துகளும் பல நிறப் பட்டைகளும் கொண்ட சிகரட் பெட்டி, மின்கலம் போன்றவை. அதற்கப்பால் கருவிகள், கோப்பைகள். ஈற்றில், கெமராவின் முன்னால் உள்ள பொருளைப் பார்த்துக் கணனி அதன் பெயரைச் சொல்ல வேண்டும்.

இம்மாணவர்களின் வேலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஜெரால்ட் சஸ்மன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 19. இன்னும் முதற் பட்டம்கூடப் பெறாத மாணவர். ஒரேயொரு மாணவனிடம் முழுப் பார்வைப் பிரச்சினையையும் கொடுத்து, 'விடுமுறை முடிவதற்குள் தீர்த்துவிடு' என்று கூறிவிட்டார்கள் எனச் சிலர் இக்கதையைச் சுவையாகச் சொல்வதுண்டு. பேப்பர்ட்டின் குறிப்பைப் பார்த்தால் அது ஒரு குழுவின் வேலை என்பது தெளிவாகும்.

குழுவாக இருந்தும் என்ன? கோடை முடிந்தது. மாணவர்கள் வகுப்புகளுக்குத் திரும்பினர். குறிப்பில் எழுதப்பட்ட இறுதி இலக்கு எட்டப்படவில்லை.

எண்களின் காடு

திறமைசாலிகளான மாணவர்கள், அந்நாளின் சிறந்த கணனிகளுள் ஒன்று, மேதைகளான ஆசிரியர்கள். எல்லாம் இருந்தும் ஏன் முடியவில்லை?

கணனியின் இடத்திலிருந்து சற்று யோசித்துப் பார்ப்போம். கெமரா கணனிக்குக் கோப்பையைக் கொடுப்பதில்லை, எண்களைத்தான் கொடுக்கிறது. ஒரு படத்தைக் குறுக்காக 100, நெடுக்காக 100 எனக் கட்டங்களாகப் பிரித்தால் 10,000 புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதற்கு ஓர் எண். கணனியிடம் இருப்பது இந்த 10,000 எண்களின் பட்டியல் மட்டுமே. அதில் கோப்பை என்றோ மேசை என்றோ எங்கும் எழுதப்பட்டிருக்காது.

எண்கள் திடீரென மாறும் இடத்தைப் பொருளின் விளிம்பு என்று கொள்ளலாம் அல்லவா? கொள்ளலாம்தான். ஆனால் நிழல் விழும் இடத்திலும் எண்கள் மாறுகின்றன. கோப்பையில் வரைந்த பூவின் ஓரத்திலும் மாறுகின்றன. வெள்ளைக் கோப்பை ஒன்று வெள்ளைச் சுவரின் முன்னால் இருந்தால், உண்மையான விளிம்பிலேயே எண்கள் மாறாமற் போகலாம். நிழலில் இருக்கும் வெள்ளைத் தாளைவிட வெயிலில் இருக்கும் கறுப்புத் துணி அதிக வெளிச்சத்தைக் கெமராவுக்கு அனுப்பவும் கூடும். கோப்பையை மேலிருந்து பார்த்தால் வட்டம். பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு வடிவம். ஒரு பொருளை இன்னொன்று மறைத்தால் மறைந்த பகுதிக்கு எண்களே இல்லை.

இவை அனைத்தையும் நமது கண்ணும் மூளையும் இமைப்பொழுதில் தீர்த்துவிடுகின்றன. எப்படித் தீர்க்கின்றன என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. நமக்கே சொல்லத் தெரியாத ஒன்றை இயந்திரத்துக்குக் கட்டளைகளாக எழுதிக் கொடுப்பது எங்ஙனம்? அம்மாணவர்கள் முட்டி நின்ற சுவர் இதுதான்.

இலகுவும் கடினமும் இடம் மாறின

எது கடினம், எது இலகு என்பதில் மனிதனின் கணிப்பு எவ்வளவு பிழையானது என்பதைப் பின்னர் நடந்தவை எடுத்துக்காட்டின.

1979இல் அமெரிக்காவின் ஸ்டன்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொராவெக் என்ற ஆராய்ச்சி மாணவர், கெமரா பொருத்திய ஒரு வண்டியைத் தானாக நகரச் செய்தார். கதிரைகள் ஆங்காங்கே வைக்கப்பட்ட ஓர் அறை. சுமார் 20 மீற்றர் தூரம். கதிரைகளில் மோதாமல் அந்த அறையைக் கடக்க வண்டிக்கு ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்கள் பிடித்தன! தத்தித் தத்தி நடக்கும் குழந்தை அதே தூரத்தை எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்பதைத் தாய்மார் அறிவர்.

மறுபுறம், 1997 மே மாதத்தில் டீப் புளூ என்ற கணனி உலகச் சதுரங்கச் சம்பியன் கஸ்பரோவைத் தோற்கடித்தது. உலகமே வியந்தது. ஆனால் அப்போட்டியில் ஒரு காட்சியைப் பலர் கவனிக்கவில்லை. கஸ்பரோவின் எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். கணனி தீர்மானித்த நகர்வைத் திரையில் பார்த்து, சதுரங்கக் காயைக் கையால் எடுத்து வைத்தவர் அவரே. மேதையை வென்ற இயந்திரத்துக்குப் பலகையைப் பார்க்கும் கண்ணும் இருக்கவில்லை, காயை எடுக்கும் கையும் இருக்கவில்லை.

பெரியவர்கள் மூளையைக் கசக்கிச் செய்வது இயந்திரத்துக்கு எளிதாகலாம். சிறு குழந்தை சிரமமின்றிச் செய்வதே அதற்கு மிகக் கடினம். மொராவெக் 1988இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை எடுத்துரைத்தார். இன்றும் அது அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நமது விழித்திரையில் ஒளியை உணரும் கோல்கள் ஏறத்தாழ 120 மில்லியனும் கூம்புகள் ஏறத்தாழ 6 மில்லியனும் உள்ளன. அவை திரட்டும் செய்தியைச் சுமார் ஒரு மில்லியன் நரம்பு நார்கள் மூளைக்குக் கொண்டு செல்கின்றன. தாயின் வயிற்றிலிருந்து ஒன்றும் அறியாதவராக வெளியேறிய மனிதனுக்குச் செவியும் பார்வையும் உள்ளமும் அருளப்பட்டதை ஸூரா அந்நஹ்ல் நினைவூட்டுகிறது. அவன் நன்றி செலுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைவூட்டுகிறது. ஆய்வுகூடத்தில் ஒரு கோடைகாலத்தைக் கழித்த மாணவன் அந்த நன்றியின் கனத்தை மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே உணர்வான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு

பார்ப்பது என்பது கண்ணோடு முடிந்துவிடும் வேலையல்ல என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கிய ஒரு முஸ்லிம் அறிஞரை இங்கு குறிப்பிட்டேயாக வேண்டும். அவர்தான் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம்.

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று கிரேக்க அறிஞர் சிலர் கூறியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்பதை இப்னுல் ஹைதம் பரிசோதனைகளோடு நிறுவினார். அவரது 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்களைக் கொண்டது. அது லத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய ஒளியியலுக்கு அடித்தளமாயிற்று.

அந்நூலில் அவர் இன்னொன்றையும் கூறுகிறார். ஒளியையும் நிறத்தையும் உணர்வது ஒன்று. இது இன்ன பொருள் என்று அறிவது வேறொன்று. பின்னையது நினைவும் ஒப்பீடும் தீர்ப்பும் சேர்ந்த காரியம். அது மிக வேகமாக நடந்துவிடுவதால், தீர்ப்பு வழங்குகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. இதற்கு அவர் காட்டும் உதாரணம் ஒரு குழந்தை. ஒரே வகையான இரண்டு பழங்களைக் குழந்தையின் முன் நீட்டினால், அழகானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அது ஒப்பிட்டுத் தீர்ப்புச் செய்திருக்கிறது. ஆனால் தீர்ப்புச் செய்ததை அது அறியாது.

1966இன் மாணவர்கள் முட்டிய சுவரை இவர் அன்றே அடையாளம் காட்டியிருக்கிறார் என்றால் அது மிகையல்ல.

அவரது வாழ்விலும் 'முடியாத வேலை' ஒன்று உண்டு. நைல் நதியின் நீரைக் கட்டுப்படுத்தித் தருவதாக அவர் கூறியதைக் கேள்வியுற்ற எகிப்தின் பாத்திமிய கலீபா அல்ஹாகிம் அவரை அழைத்தார். இப்னுல் ஹைதம் நதியோரமாகத் தெற்கே சென்று நேரில் பார்த்தார். தம்மால் ஆகக்கூடியதல்ல என்பதை உணர்ந்தார். அதைக் கலீபாவிடம் ஒப்புக்கொண்டார். பின்னர் ஆட்சியாளரின் சீற்றத்துக்கு அஞ்சி, புத்தி பேதலித்தவர் போல் நடித்து, 1021இல் அல்ஹாகிமின் காலம் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நைல் நதியை அடக்க இயலாத அந்த மனிதரே ஒளியின் இரகசியத்தை உலகுக்குச் சொன்னார். ஒரு வேலையில் தோற்றவர் அறிவில் தோற்றவர் ஆகமாட்டார்.

கதவைத் திறந்த மாணவர்கள்

பார்வைப் பிரச்சினை பின்னர் என்னவாயிற்று? 2012இல் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்டனும் அவரது மாணவர்களான அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர் ஆகிய இருவரும் ஒரு புதிய வெற்றியைக் கண்டனர். விதிகளை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, பெயர் குறிக்கப்பட்ட சுமார் 12 இலட்சம் படங்களைக் கணனிக்குக் காட்டி அதுவே கற்றுக்கொள்ளச் செய்தனர். படத்தில் உள்ள பொருளுக்கு ஐந்து பெயர்களை ஊகிக்கக் கணனிக்கு அனுமதி உண்டு. அவ்வருடப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற முறை நூற்றுக்கு 26 தடவை தவறியபோது, இவர்களது முறை 15 தடவையளவே தவறியது. 1966க்கும் 2012க்கும் இடையே 46 ஆண்டுகள்.

ஆனால் காட்டிய படங்களிலிருந்து கற்கும் இயந்திரம், காட்டியவர்களின் குறைகளையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். இதை வெளிக்கொணர்ந்தவரும் ஒரு மாணவிதான். எம்.ஐ.டி.யில் உயர்பட்ட மாணவியாக இருந்த ஜோய் புவலம்வினி கானா நாட்டு வம்சாவளியைச் சேர்ந்தவர். முகங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தமது கரிய முகத்தைக் காணவில்லை என்பதையும், வெள்ளை முகமூடி அணிந்ததும் 'முகம் இருக்கிறது' என்று அது சொன்னதையும் அவர் கவனித்தார். வேறொருவர் 'கெமராவில் ஏதோ கோளாறு' என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் நிறுவன மென்பொருட்களைப் பரிசோதித்து, 2018இல் டிம்னிட் கெப்ருவுடன் இணைந்து ஆய்வை வெளியிட்டார். வெளிர் நிற ஆண்களில் அவற்றின் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கரிய நிறப் பெண்களிலோ அது 34.7 சதவீதம் வரை சென்றது.

இவ்வாறான இயந்திரங்களைக் காவற்றுறையும் விமான நிலையங்களும் பயன்படுத்தும் காலம் இது. இயந்திரம் ஆளை மாறி அடையாளம் கண்டால் அநியாயமாகப் பாதிக்கப்படுபவர் ஒரு மனிதர். ஆகவே ஆய்வுகூடத்தில் ஒரு மாணவர் பதியும் ஒவ்வோர் எண்ணும் ஓர் அமானிதம். சரியாக வேலை செய்த பத்துத் தடவைகளை எழுதிவிட்டு, பிழைத்த இரண்டு தடவைகளை மறைப்பது வெறும் சோம்பல் அல்ல, அது மோசடி.

பத்து வாரத்தில் என்ன கிடைக்கும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கோடைகால ஆய்வுப் பயிற்சி இன்று நன்கு நிலைபெற்ற ஒன்று. அந்நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றம் பட்டதாரியாகாத மாணவர்களை ஆய்வில் ஈடுபடுத்தும் திட்டமொன்றை 1987இல் ஆரம்பித்தது. பிட்ஸ்பேர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979இல் நிறுவப்பட்ட ரோபோட்டிக்ஸ் நிலையமும் கோடைகாலப் பயிற்சிக்குப் பெயர் பெற்றது. அதன் முதற் பணிப்பாளர் ராஜ் ரெட்டி. ஆந்திரக் கிராமமொன்றில் 1937இல் பிறந்து, சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்றவர்; 1994இல் கணனித் துறையின் அதியுயர் விருதான டூரிங் விருதைப் பெற்றவர். அதே பல்கலைக்கழகம் 2004இல் கட்டார் நாட்டின் தோஹாவிலும் தனது வளாகமொன்றைத் திறந்தது.

இத்தகைய பயிற்சி பெரும்பாலும் பத்து வாரமளவு நீடிக்கும். ரோபோ ஒன்றோடு கைகுலுக்கிப் படமெடுப்பதல்ல அங்கு வேலை. முதலிரு வாரங்கள் வாசிப்பிலும் பிறர் எழுதிய நிரலைப் புரிந்துகொள்வதிலும் போய்விடும். பிறகு சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் அச்சிட்ட அட்டையைக் கெமராவின் முன் பல கோணங்களில் பிடித்து அதைச் சரிசெய்ய வேண்டும். ரோபோ ஒரே பொருளை நூறு தடவை எடுக்கும்போது எத்தனை தடவை நழுவ விட்டது, ஏன் நழுவ விட்டது என்று குறிப்பேட்டில் பதிய வேண்டும். வாராந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, 'இந்த வாரம் இது வேலை செய்யவில்லை; காரணம் இதுவாக இருக்கலாம்' என்று சொல்ல வேண்டும். முடிவில் தாம் செய்ததைப் பிறருக்கு விளங்கும்படி எடுத்துரைக்க வேண்டும்.

பரீட்சையில் 'ஏ' சித்திகளை மட்டுமே பெற்றுப் பழகிய பிள்ளைக்கு இது புதிய அனுபவம். பரீட்சை வினாத்தாளிலுள்ள ஒவ்வொரு வினாவுக்கும் எங்கோ ஒரு விடை எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வுகூடத்தின் வினாவுக்கு விடை ஆசிரியருக்கும் தெரியாது. 'தெரியாது' என்ற சொல்லை வெட்கமின்றிச் சொல்லவும், அதைச் சொன்ன பின்னரும் இருக்கையை விட்டு எழாமல் உழைக்கவும் பழகுவதே அப்பத்து வாரங்களின் பெரிய இலாபம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எமது நாட்டிலும் பொறியியற் பீட மாணவர்கள் பட்டப் படிப்பின் ஓர் அங்கமாகத் தொழிற்பயிற்சிக்குச் செல்கின்றனர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்குமாக நீண்ட காலம் காத்திருக்கும் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் நம் வீடுகளில் இருக்கின்றனர். வசதியான ஆய்வுகூடம் எல்லோருக்கும் கிட்டாது. ஆயினும் ஒரு பழைய கணனி, கையடக்கத் தொலைபேசியின் கெமரா, ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தாலே 1966இன் மாணவர்கள் தொட்ட கேள்வியை வீட்டு மேசையிலேயே தொட்டுப் பார்க்கலாம்.

பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம் நாம் பெரும்பாலும் கேட்பது: "சான்றிதழ் தந்தார்களா? சம்பளம் எவ்வளவு? என்ன கண்டுபிடித்தாய்?" இக்கேள்விகள் பிள்ளையைப் பொய் பேசவும் பெருமையடிக்கவும் தூண்டிவிடக் கூடும். "எது சரிவரவில்லை? ஏன் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை பேசுவதால் தன் மதிப்புக் குறையாது என்று வீட்டில் உணர்ந்த பிள்ளையே, நாளை ஆய்வுகூடத்திலும் அலுவலகத்திலும் உண்மையை எழுதும்.

அந்தக் கோடையில் இலக்கை எட்டாத சஸ்மன் துறையை விட்டு ஓடவில்லை. 1973இல் கலாநிதிப் பட்டம் பெற்று எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார். 1975இல் கை ஸ்டீல் என்பவருடன் சேர்ந்து ஸ்கீம் என்ற கணனி மொழியை உருவாக்கினார். 1985இல் ஹால் ஏபெல்சனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பாடநூலைப் படித்துக் கணனி கற்றோர் உலகெங்கும் உள்ளனர்.

நமது பிள்ளைகளின் விடுமுறை நாட்களும் வீணாகாமல் அமையட்டும். அறிவின் எல்லையில் நின்று, 'இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தேடுவேன்' என்று பணிவோடு சொல்லும் உள்ளத்தை வல்ல நாயன் அவர்களுக்கு வழங்குவானாக!